சமுத்திர விலாஸின் பின்கட்டு

போர்ட் பிளேர்,
14-10-1973

திருமதி அன்னம்மாளுக்கு, சமுத்திர விலாஸ் லாட்ஜ் மேனேஜர் பக்தவத்சலம் எழுதுவது.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்காவது முறை கிழிக்கக் காகிதம் இல்லாததால் இது உங்களுக்கு வந்து சேர்கிறது.

நீங்கள் சமையல் வேலையை விட்டுப் போய் இன்றோடு பதினைந்து நாள். சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். மாயாபந்தரில் தங்கை சரசுவுக்குப் பிரசவம் என்று உங்கள் ஊர் புரோத்ராபூர்க்காரர்கள் சொன்னார்கள். பிரசவம் நடந்திருக்கலாம். ஆனால் நீங்கள் கப்பல் ஏறியது அதற்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதிக் கலந்துரையாடலுக்கு நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அபர்டீன் பஜாரில் அலைந்து ஒலிபெருக்கி பிடித்தேன். மெட்ராஸ் கப்பலில் வந்த டூரிஸ்டுகள் நாற்பது பேருக்கும் வரிசையாக நாற்காலி போட்டேன். 'தீவும் விருந்தினரும்' என்று துணியில் எழுதிக் கட்டினேன். உங்களைப் பெருமையாகத்தான் மேடைக்கு அழைத்தேன். "இந்த அம்மாளின் தாத்தா அந்தக் காலத்தில் கைதியாக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்" என்று அறிமுகம் செய்தேன். "எந்தக் கேஸில் வந்தார், நீங்களே சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினேன். இதில் என்ன குற்றம்? மேன்லேண்டிலிருந்து நான்கு நாள் கடலில் வாந்தி எடுத்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ள நினைப்பது அதைத்தானே?

நீங்கள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனீர்கள். முன்வரிசையில் இருந்த உங்கள் தாய்மாமன் கண்ணையா எழுந்தார். அவர் பின்னால் புரோத்ராபூர்க்காரர்கள் பதினொரு பேரும் எழுந்தார்கள். நான் தனியாக நின்று நன்றியுரை சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டோம், சொல்லாமல் இருக்க முடியுமா?

அன்றிலிருந்து உங்கள் ஊர்க்காரர்கள் காய்கறிக் கூடையைக் கேட்டில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள். டிசம்பர் இருபதாம் தேதி முப்பத்தாறு பேர் கொண்ட கோஷ்டி வருகிறது. அன்றைக்கு உள்ளூர் ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசாவிட்டால் கலந்துரையாடல் நடந்த கூடத்தைப் பெட்டி படுக்கை வைக்கும் அறையாக்கிவிடப் போவதாக முதலாளி பன்னீர்செல்வம் சொல்லிவிட்டார். டூரிஸ்டுகளை பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டினால் போதுமாம்.

நீங்கள் வந்தால் எல்லாரும் வருவார்கள். உடனே புறப்பட்டு வரவும்.

பக்தவத்சலம்

பி.கு.: புதிதாக வந்த சமையல்காரர் பாயசத்தைத் தவிர எல்லாவற்றிலும் பெருங்காயம் போடுகிறார்.


மாயாபந்தர்,
25-10-1973

மேனேஜர் சாருக்கு அன்னம்மாள் எழுதுகிறேன்.

சரசுவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இது. நடுவில் இந்தி புகுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கேயே பிறந்த எங்களுக்கு எல்லா பாஷையும் கொஞ்சம் கொஞ்சம்தான்.

என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

தண்டனைக் காலத்தில் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்களுக்குள் ஒருவரை ஒருவர் எவ்வளவோ கேட்போம். எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, மாப்பிள்ளை குடிப்பானா என்றெல்லாம் கேட்போம். எந்தக் கேஸில் வந்தார்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூடக் கேட்க மாட்டார்கள். பக்கத்து வயல்காரனோடு வரப்புச் சண்டை வந்து வாய்க்கு வந்ததைத் திட்டினாலும் அந்த வார்த்தை வராது. எங்கள் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். அதனால்தான் யார் யாரோ வந்து சேர்ந்த இடத்தில் ஒரு ஊர் உண்டானது. நீங்கள் அதை ஒலிபெருக்கி வைத்துக் கேட்டீர்கள். என் மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். என் தாத்தா அவருக்கு அப்பா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டூரிஸ்டுகளோடு உட்கார்ந்து பேசுவதை ஆரம்பித்தது நான். உங்களுக்கு மறந்திருக்கும். உங்கள் டூரிஸ்ட் பஸ் புரோத்ராபூர் வழியாகப் போகும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து, "இது பழைய கைதிகளின் ஊர்" என்று சொல்வார். ஜன்னலில் எல்லாத் தலையும் வெளியே வரும். ஒரு நாள் லீவில் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் என்னைக் கையால் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். நான் அங்கேதானே நிற்கிறேன்? என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

பிறகு ஜூன் மாத மழையில் பஸ் கிளம்பவில்லை. டூரிஸ்டுகள் பொழுது போகாமல் பின்கட்டுக்கு வந்து நின்றார்கள். கூடை கொண்டுவந்த எங்கள் ஊர்ப் பெண்களும் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். நான் எல்லார் முன்னாலும் அவரைக்காயைக் கொட்டி, நார் உரியுங்கள் என்றேன். கை வேலை செய்தால் வாய் தானாகத் திறக்கும். இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்னை யாரும் கையால் காட்டவில்லை. வாராவாரம் அப்படியே நடந்தது. நீங்கள் பார்த்துவிட்டு, "பிரமாதம், இதை முறையாக நடத்துவோம்" என்றீர்கள். முறையாக நடத்தியதில் இப்படி ஆயிற்று.

நான் இப்போது வருவதாக இல்லை.

அன்னம்மாள்


போர்ட் பிளேர்,
4-11-1973

அன்னம்மாளுக்கு,

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். முதலிலேயே கேட்காதது தவறு. எழுதிக்கொள்ளுங்கள், இது ஒன்று.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அந்த வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? எட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒருத்தரும் சொன்னதில்லையே? மூன்றாம் நாள்தான் உறைத்தது. எட்டு வருஷத்தில் என்னையும் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதை நான் சௌகரியமாக அனுபவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம். போன வாரம் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நீங்கள் இல்லாமலே நடத்திக்காட்டுகிறேன் என்று வைராக்கியமாகக் கிளம்பினேன். உங்கள் ஊர்க்காரர்கள் வராததால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். இந்தத் தடவை மைக் இல்லை. அதற்குப் பதிலாகக் கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். 'தீவு வாழ்க்கையின் இன்ப துன்பங்கள் யாவை?' என்ற சீட்டு ஒரு கடைக்காரருக்கு வந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சங்கு வேண்டுமானால் தன் கடையில் கிடைக்கும் என்றார். அரை மணி நேரம் சங்குதான் பேசினார்கள். ஒரு ஐயா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

யாராவது பேச்சை நிறுத்தினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. உடனே தீவின் நீள அகலம், மழையளவு, மரங்களின் பெயர் என்று ஆரம்பித்துவிடுகிறேன். அன்றைக்கு முக்கால்வாசி நான்தான் பேசினேன் என்று கடைசியில் ஒரு பையன் தன் அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

கண்ணையாவை கேட்டில் மடக்கிப் பேசப் பார்த்தேன். "மேனேஜர் சாப், கூடையை எண்ணிக்க. பேச்சு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் வர வேண்டாம். எப்படிச் செய்வது என்றாவது எழுதுங்கள்.

பக்தவத்சலம்


மாயாபந்தர்,
15-11-1973

மேனேஜர் சாருக்கு,

சிரிக்க வேண்டாம் என்று எழுதினீர்கள். சிரித்தேன். சரசுவும் சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று உங்களைத் திட்டினாள்.

சரி, கேளுங்கள். யாரும் யாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. முப்பத்தாறு பேரையும் ஒரே கும்பலாக வைக்காதீர்கள், ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரை வையுங்கள். கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். மீன் தொடாதவர்களுக்கு அவரைக்காய், தேங்காய். தொடுகிறவர்களுக்கு நெத்திலி ஆய்வது. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதனால் மூன்று மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். டீ நடுவில் வேண்டாம், கடைசியில் கொடுங்கள். நடுவில் கொடுத்தால் எழுந்து போனவர்கள் பேச்சுக்குத் திரும்பி வர மாட்டார்கள்.

பேச்சு நின்றால் நிற்கட்டும். உங்களுக்கு அது கரண்ட் போன மாதிரி பயமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் மழையளவைச் சொன்னால் அவர்கள் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவார்கள்.

உங்களிடம் கேட்டால் பதில் சொல்ல மாட்டீர்கள் என்றால் அந்தக் கேள்வியை இன்னொருத்தரிடம் கேட்காதீர்கள். சீட்டு எழுதுவதற்கு முன்னால் அதற்கு நீங்கள் பதில் சொல்லிப் பாருங்கள்.

மாமாவை கேட்டில் மடக்கினால் பேச மாட்டார். காலையில் படகு ஜெட்டிக்குப் போய் அவர் மீன் பிடிக்கப் போகும் டிங்கிப் படகில் ஏறி உட்காருங்கள். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் வேண்டாம். கூட உட்கார்ந்தாலே போதும். உங்களால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதெல்லாம் உங்களுக்காக எழுதவில்லை. கூடம் பெட்டி அறையாகிவிட்டால் மறுபடியும் அந்த பஸ் டிரைவர்தான் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் துணி உலர்த்திக்கொண்டே கேட்க வேண்டியதுதான்.

அன்னம்மாள்


போர்ட் பிளேர்,
2-12-1973

அன்னம்மாளுக்கு,

நான்கு காலை அந்த டிங்கியில் உட்கார்ந்தேன். முதல் நாள் உங்கள் மாமா என்னைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார், பிறகு "பைட்டோ, லேகின் பாத் மத் கரோ" என்றார். உட்காரு, பேசாதே. எனக்கு இதைவிடக் கடினமான உத்தரவு யாரும் போட்டதில்லை. ஹார்பரைத் தாண்டியதும் அலை தூக்கி அடித்ததில் வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் துடுப்பை நிறுத்தாமல் தண்ணீர்க் குடுவையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் தூண்டிற் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். நான்காம் நாள் திரும்பி வரும்போது அவராகப் பேசினார். "அன்னம் எப்ப வருதாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். "நீ பேசாம இருந்தா நல்ல ஆளாத்தான் இருக்க" என்றார். எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான்.

இருபதாம் தேதி வருகிறாராம். புரோத்ராபூரிலிருந்து இன்னும் எட்டுப் பேரைக் கூட்டி வருகிறார். சிப்பிகாட்டிலிருந்து காய்கறி கொண்டுவரும் புஷ்பமும் அவள் மாமியாரும் வருகிறார்கள். கூடம் வேண்டாம், பின்கட்டில்தான் என்று சொல்லிவிட்டார். முதலாளியிடம் சொன்னேன். விருந்தாளிகளைக் காய் நறுக்க வைப்பதா என்று குதித்தார். இந்த ஒரு தடவை மட்டும் பார்க்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். அன்றைக்கு நேரில் வந்து நிற்கப் போகிறாராம்.

நீங்கள் சொன்னபடி கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். இருபத்திரண்டு சீட்டு எழுதியிருந்தேன். மூன்றுதான் தேறின.

அன்னம்மா, நீங்கள் வர வேண்டும். இப்போது மேனேஜராகக் கூப்பிடவில்லை. அன்றைக்கு நீங்கள் இறங்கிப் போன இடத்துக்கு நீங்களே திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் எனக்கு நிம்மதி. என் புத்தி கெட்ட கேள்வியால் நீங்கள் ஆரம்பித்த ஒன்றிலிருந்து நீங்களே விலகிப்போனீர்கள். அது எனக்கு உறுத்துகிறது, சாப்பிட உட்காரும்போதெல்லாம் உறுத்துகிறது. என்னை மன்னித்துவிடுங்கள். மாமாவிடம்தான் சொல்லக் கூடாது என்றீர்கள், உங்களிடம் சொல்லலாம் அல்லவா?

பக்தவத்சலம்


மாயாபந்தர்,
10-12-1973

மேனேஜர் சாருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மாமாவோடு நான்கு நாள் பேசாமல் உட்கார்ந்தீர்கள் என்பதை நம்ப முடியாமல் இரண்டு தடவை படித்தேன்.

மன்னிப்பை எடுத்துக்கொண்டேன். அதில் பாக்கி எதுவும் இல்லை.

ஆனால் இருபதாம் தேதிக்கு வர மாட்டேன். கடல் சரியில்லை, படகு எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. சரசுவுக்கும் ஒத்தாசை வேண்டும்.

இப்படித்தான் எழுதி மூடிவைத்தேன். பிறகு உறையைப் பிரித்து மறுபடி எழுதுகிறேன். படகு புதன்கிழமை இருக்கிறது. சரசுவின் மாமியாரும் வந்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் காரணம். முப்பத்தாறு பேரில் யாராவது ஒருவர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பார். உங்களை மாதிரியே தெரியாமல்தான் கேட்பார். அப்போது நான் என்ன செய்வேன்? மறுபடியும் எழுந்து போவேனா? அந்தக் கேள்வி என்னை ஏன் அப்படி அடித்தது என்று உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்ல இப்போது முடியவில்லை.

நீங்கள் நடத்துங்கள். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். சோற்றுக்கு நெத்திலிக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், பெருங்காயம் இல்லாமல்.

அன்னம்மாள்


போர்ட் பிளேர்,
23-12-1973

அன்னம்மாளுக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். இது நீளமாகப் போகும்.

மூன்று மணிக்குப் பின்கட்டில் பாய் விரித்தோம். ஆறு ஆறு பேராக வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு முறம், ஒரு சட்டி. டூரிஸ்டுகள் முதலில் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ரிடயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், "நாங்கள் பணம் கட்டி வந்தது காய் நறுக்கவா?" என்று கேட்டார். நறுக்க வேண்டாம் சார், நார் மட்டும் உரித்தால் போதும் என்றேன். முதலாளி பன்னீர்செல்வம் வாசற்படியில் கைகட்டி நின்றார்.

புஷ்பம் இருந்த வட்டம்தான் முதலில் பிடித்துக்கொண்டது. அவளுடைய மாமியார் ஒரு டூரிஸ்ட் அம்மாளிடம் அவரைக்காயை வாங்கி, இப்படி உரித்தால் பாதி காய் வீண் என்று திருப்பிக் காட்டினார். அங்கிருந்து மருமகள்கள், மாமியார்கள் என்று போய், எதற்கோ எல்லாரும் சிரித்தார்கள். முதல் தடவை கப்பல் ஏறியபோது எதை நினைத்துப் பயந்தீர்கள் என்பது தேறிய மூன்று சீட்டில் ஒன்று. அதற்கு எல்லாரிடமும் பதில் இருந்தது.

நான் கண்ணையாவின் வட்டத்தில் இருந்தேன். ஹெட்மாஸ்டரும் அங்கேதான். நல்ல மனிதர். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று உங்கள் மாமாவைப் பார்த்து, "உங்கள் தகப்பனார் எந்தக் கேஸில் வந்தாராம்?" என்று கேட்டுவிட்டார். நான் கேட்ட அதே கேள்வி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்.

மாமாவின் கை நின்றுவிட்டது. பக்கத்து வட்டத்திலும் பேச்சு நின்றது. அவர் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பேச்சை மாற்றிவிட மழையளவு என் நாக்கு நுனி வரை வந்தது. பிறகு நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. உங்களிடம் கேட்டால் பதில் சொல்வீர்களா?

"சார், அந்தக் கேள்வியை இந்த ஊரில் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள்" என்றேன். அவர் கேட்கவில்லை. நானே சொல்லிவிட்டேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். என் தம்பி சிவஞானம். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐம்பத்தெட்டில் ஏரி மடைத் தகராறில் ஒரு ஆள் செத்துப்போனார். அடித்தவர்களில் தம்பியும் ஒருவன். வைக்கோல் போருக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தான். நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து என்னைக் கேட்டார். அவர் அடிக்கக்கூட இல்லை. அதட்டினார், அவ்வளவுதான். நான் வைக்கோல் போரைக் காட்டினேன். தம்பி வேலூர் ஜெயிலில் ஏழு வருஷம் இருந்தான். அவன் வெளியே வருகிற வருஷம் நான் இங்கே கப்பல் ஏறினேன். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் "தம்பி எப்ப வர்றான்?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வி இல்லாத இடம் எனக்கு வேண்டியிருந்தது. இந்தத் தீவு அதைக் கொடுத்தது. அப்படிப்பட்ட நான்தான் உங்களிடம் மைக்கை நீட்டினேன்.

சொல்லி முடித்ததும் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. உரித்த காயையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் பேசியவர் ஹெட்மாஸ்டர். தன் சொந்த மகனைப் பத்து வருஷமாகப் பார்க்கவில்லை என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு உங்கள் மாமா பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கப்பா என்ன பண்ணிட்டு வந்தார்னு எனக்குத் தெரியும். சாவறதுக்கு முந்தி எங்கிட்ட மட்டும் சொன்னார். அதை இங்க சொல்ல மாட்டேன். வந்த பிற்பாடு என்ன பண்ணார்னு கேளு, சொல்றேன். ஜங்கல் வெட்டினார். ஒரு பஞ்சாபிக்காரனும் பர்மாக்காரனும் கூட. மூணு பேருக்கும் ஒருத்தன் பாஷை இன்னொருத்தனுக்கு மாலூம் கிடையாது. பதினாலு வருஷம் சேந்து வயல் பண்ணாங்க. பஞ்சாபிக்காரன் சாகும்போது எங்கப்பா மடியிலதான் தலை."

அதை ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. மற்ற வட்டங்கள் எல்லாம் பாயை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டன. இருட்டிய பிறகு டீ கொடுத்தோம். டூரிஸ்டுகள் டம்ளரோடு உங்கள் ஊர்க்காரர்களை கேட் வரை போய் வழியனுப்பினார்கள். மறுநாள் பஸ்ஸில் ஹெட்மாஸ்டர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, புரோத்ராபூர் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். கண்ணையா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாராம்.

கூடத்தைப் பெட்டி அறையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பின்கட்டுக்குக் கூரை போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு அடுத்த கோஷ்டி. உங்கள் இடம் காலியாக இருக்கிறது.

பக்தவத்சலம்


மாயாபந்தர்,
2-1-1974

மேனேஜர் சாருக்கு,

உங்கள் கடிதத்தை சரசுவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உங்கள் தம்பி இருந்த பகுதியை மட்டும் மனதுக்குள் படித்தேன். அது எனக்கு எழுதியது. ஊரில் சொல்ல முடியாததை இங்கே ஒரு பாயில் உட்கார்ந்து சொன்னீர்களே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். தம்பி இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு நன்றாகக் கடிதம் எழுத வருகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், மதுராந்தகத்துக்கும் தபால் போகும்.

நான் சொல்லாமல் விட்ட மீதியை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் மைக்கை நீட்டியபோது எனக்கு அவமானமாக இருந்தது என்று நீங்களும் மாமாவும் ஊர்க்காரர்களும் நினைத்துக்கொண்டீர்கள். அவமானம் கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. எனக்கு பதில் தெரியாது. நாற்பது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள், என் தாத்தா யார் என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர், எந்த ஆள், யாரை என்ன செய்தார், எதுவுமே தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாரும் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்தது அடுத்த குடும்பத்து ஆட்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, வீட்டுக்குள்ளேயும் நாங்கள் ஒருவரையும் கேட்டதே இல்லை. அந்த வழக்கம் எங்களைக் காப்பாற்றியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. என் தாத்தாவின் சொந்த ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஓடி வந்தேன்.

சரசுவின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இந்த மூன்று மாதமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவோடு அது போய்விட்டது, இனி கேட்க ஆள் இல்லை என்று மனதை ஆற்றிக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் மாமா சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் நிறுத்தி, மறுபடியும் படித்தேன். மாமாவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், வாரத்தில் நான்கு நாள் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் ஒன்று விடாமல் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரிக்காக உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

எட்டாம் தேதிப் படகில் வருகிறேன். குழந்தைக்குப் பேர் வைத்தாகிவிட்டது, இந்திராணி. புது சமையல்காரரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவரும் பிழைக்க வந்தவர்தான், வேறு எங்காவது வேலை பார்த்துக்கொடுங்கள். பொங்கல் கோஷ்டிக்கு நான் இருப்பேன். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் எழுந்து போக மாட்டேன்.

ஜெட்டிக்கு மாமாவை மட்டும் வரச் சொல்லுங்கள். நீங்கள் வர வேண்டாம், வண்டியும் அனுப்ப வேண்டாம். புரோத்ராபூர் வரை அவரோடு நடந்தே போகப் போகிறேன். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். வாயைத் திறக்க எனக்கு அவ்வளவு தூரம் தேவைப்படும்.

அன்னம்மாள்